மாமியாரோடு பக்தபூர்

நேபாளம் என்றதும் அத்தை பசுபதிநாதரை மட்டும்தான் கணக்கில் வைத்திருந்தார். தரிசனம் ஆயிற்று, இனி ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதானே என்பது அவர் கட்சி. காட்மாண்டுவிலிருந்து 13 கிலோமீட்டர்தான், அந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான நேவார்களின் பழைய ஊர், மல்ல ராஜாக்கள் ஆண்ட இடம் என்று என்னென்னவோ சொல்லி பக்தபூருக்குக் கூட்டிப்போனோம். ஊருக்குள் நுழையவே டிக்கெட் என்றதும் ஆரம்பித்தார். "ஊரைப் பாக்கக் காசா? கும்பகோணத்துல இப்படி வசூல் பண்ணியிருந்தா நாம எங்கேயோ போயிருப்போம்."

முதலில் நியாதபோலா. பூபதீந்திர மல்லர் 1702ல் கட்டிய ஐந்தடுக்குக் கோயில், 1934, 2015 என்று இரண்டு பூகம்பத்தையும் பார்த்துவிட்டு இன்னும் நிற்கிறது. செங்குத்தான படிகளின் இரண்டு பக்கமும் தட்டுக்கு ஒரு ஜோடிச் சிலை. அடித்தட்டில் இருக்கும் பயில்வான்கள் சாதாரண மனுஷனைவிடப் பத்து மடங்கு பலசாலிகளாம், அவர்களைவிட யானை பத்து மடங்கு, யானையைவிடச் சிங்கம், அப்புறம் யாளி மாதிரி ஒன்று, உச்சியில் இரண்டு தேவியர். என் கணவர் பயில்வான்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். 76 வயது அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு உச்சி வரை ஏறினார். உள்ளே சித்தி லட்சுமி, பூசாரிகளைத் தவிர யாரும் பார்க்கக் கூடாது என்று அங்கே போனபிறகுதான் தெரிந்தது. "இதைக் கீழேயே சொல்லக்கூடாதா?" என்று என்னைப் பார்த்தார், ஏதோ நான்தான் பூட்டினமாதிரி.

பக்கத்தில் பைரவநாதர் கோயில் சுவரை ஒட்டி ஆள் உயரத்துக்குத் தேர்ச் சக்கரங்கள் கிடந்தன. நமக்குச் சித்திரை பிறக்கும் அதே சமயத்தில் அங்கே பிஸ்கெட் ஜாத்திரை என்று ஒரு தேர்த்திருவிழா, பைரவர் தேரை மேலூர்க்காரர்கள் ஒரு பக்கமும் கீழூர்க்காரர்கள் ஒரு பக்கமும் இழுப்பார்களாம். "நம்ம ஊர்ல எல்லாரும் ஒரே பக்கம் இழுத்தே தேர் நகர மாட்டேங்குது" என்றார் அத்தை.

பசித்தது. ஒரு சந்துக்குள் சின்னக் கடை. சிவப்புக் கரை போட்ட கறுப்புப் புடவையில் ஒரு பாட்டி, கிண்ணத்திலிருந்து மாவைக் கையால் அள்ளிக் கல்லில் வைத்து, விரலால் வட்டமாகப் பரப்பிக்கொண்டிருந்தார். பேர் பாரா, நேவாரியில் வோ. அத்தை குனிந்து பார்த்தார், மாவில் அங்கங்கே தோலின் கறுப்புப் பொட்டு. "உளுந்து!" அவ்வளவுதான், இவர் தமிழில், அவர் நேவாரியில், எத்தனை மணி நேரம் ஊறவைப்பது என்பது வரை பேசியாகிவிட்டது. பாட்டி மூன்று விரல் காட்டினார், இவர் தலையை ஆட்டி ஐந்து காட்டினார். பாரா நிஜமாகவே நன்றாக இருந்தது. தொட்டுக்கொள்ள அவியல் இல்லை என்பது மட்டும் அத்தைக்குக் குறை. கணவர் தட்டில் இருந்த பாராமேல் எருமைக் கொத்துக்கறி. கேட்டதற்கு சோயா என்று சொல்லிவைத்தேன்.

அப்புறம் வந்தது ஜுஜு தௌ, அதாவது ராஜா தயிர். எருமைப்பால், மண்சட்டியில் உறை ஊற்றியது, சட்டி தண்ணீரை உறிஞ்சிவிடுவதால் கரண்டி வைத்தால் பாளம் பாளமாக வருகிறது. மூன்று நாளாகத் தயிர்சாதம் காணாத அத்தை வேறெதையும் யோசிக்கவில்லை. சோறு வாங்கி, உப்புப் போட்டு, சட்டியைக் கவிழ்த்து, நன்றாகப் பிசைந்து, கைப்பையிலிருந்து மாவடு வேறு எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வாய் போட்டார். அது இனிப்புத் தயிர். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து பாட்டி சிரித்த சிரிப்பில் கல்லில் இருந்த பாரா ஒன்று கருகியே போயிற்று.

அந்த நேரம் பார்த்து வெளியே மேளச்சத்தம். ஒரு வயதான அம்மாளைச் சின்ன ரதத்தில் உட்காரவைத்துப் பிள்ளைகளும் பேரன்களும் இழுத்துக்கொண்டு போனார்கள். 77 வயது, 7 மாதம், 7 நாள் ஆனால் செய்வது, பீமரதாரோகணம் என்று பாட்டியின் பேரன் ஹிந்தியில் சொல்ல, கணவர் வேண்டாவெறுப்பாக மொழிபெயர்த்தார். நம்மிடமும் 70ல் பீமரத சாந்தி உண்டு, ஆனால் பேரில்தான் ரதம், தலையில் கலசத் தண்ணீரை ஊற்றி அனுப்பிவிடுவார்கள்.

அத்தை மாவடுவை அப்படியே வைத்துவிட்டு விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். "ஆவணி வந்தா எனக்கு 77. ஏழு மாசம்னா பங்குனி. வெயிலுக்கு முன்னாடி முடிச்சுடலாம்டா."

கணவர் வாயைத் திறக்கவில்லை.

"அங்க கோயில்ல பாத்தோமே, அவ்ளோ பெரிய சக்கரமெல்லாம் வேண்டாம்."