அப்பாவின் லாரிப் பெட்டி

நாமக்கல்லில் பாடி கட்டிய எங்கள் பத்துச் சக்கர லாரியில், இருக்கைக்குப் பின்னால் அப்பா வைத்திருந்த தகரப் பெட்டியைத் திறந்தாலே கிரீஸ் வாசம் முகத்தில் அடிக்கும். ஸ்பேனர்கள், ஃபியூஸ், மாற்று ஃபேன் பெல்ட் எல்லாம் இருந்தாலும், அவர் உயிராக மதித்தவை 20 டன் ஜாக்கியும் அதனடியில் வைக்கும் தடித்த வேப்பம்பலகையும்தான். மழையில் ஊறிய சாலையோர மண்ணில் பலகையின்றி ஜாக்கியை ஏற்றினால், வண்டி எழும்புவதற்குப் பதில் ஜாக்கியே மண்ணுக்குள் இறங்கிவிடும். சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் நட்டைத் தொடவும் விடமாட்டார்.

டீக்கடையில் நிறுத்தும்போதெல்லாம் இரும்பு லிவரால் ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்ப்பார். காற்றுள்ள டயரில் லிவர் 'டங்' என்று துள்ளும், இறங்கிய டயரில் 'தொப்' என்று அமுங்கும். பின்பக்க இரட்டைச் சக்கரங்களில் உள்டயர் காற்று இழந்தாலும், வெளிடயர் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் அது எளிதில் கண்ணுக்குத் தெரியாது என்பதால், அவர் காதையே நம்பினார்.