ஏலமலைச் சரிவில் புது பூட்ஸ்

கம்பம் கடைவீதியில் செருப்புக் கடைக்காரர் சிமெண்ட் தரையில் நான்கு எட்டு நடந்து பார்க்கச் சொன்னார். நடந்தேன். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், சுகமாகத்தான் இருந்தது. கால் வீங்கும், ஓர் அளவு பெரிதாக எடுங்கள் என்றார். அதையும் கேட்டேன். சிமெண்ட் தரையில் எந்தச் செருப்புதான் கடிக்கும்?

மறுநாள் விடியுமுன் கம்பம்மெட்டுச் சாலையில் ஜீப் ஏறினேன். வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் எனக்கு மேற்பார்வை வேலை. ஆடி மழை, முதல் காயெடுப்பு. ஏலக்காய் தலைக்கு மேலே காய்ப்பதில்லை; செடியின் தூரில், மண்ணோடு படர்ந்த சரத்தில் காய்க்கிறது. எடுக்கிற பெண்கள் சரிவில் குனிந்தபடியே நகர வேண்டும். அவர்கள் பின்னால் நடக்கிற எனக்கு நாளெல்லாம் ஏற்ற இறக்கம்.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போதுதான் வினை வந்தது. ஒவ்வோர் எட்டுக்கும் பாதம் முன்னால் வழுக்கி, பெருவிரல் ரப்பரில் போய் முட்டியது. அட்டைக்குப் பயந்து இரண்டு காலுறை போட்டிருந்தேன். அவை நனைந்து சுருண்டு குதிகாலடியில் கயிறாகத் திரண்டுவிட்டன. பதினொரு மணிக்குப் பாறைமேல் உட்கார்ந்து கழற்றினேன். பெருவிரல் நகத்தடியில் நீலம். குதிகாலில் ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்குக் கொப்புளம். இத்தனை காவலையும் மீறி உள்ளே புகுந்து குடித்துக் கொழுத்திருந்தது ஓர் அட்டை.

பக்கத்து வரிசையிலிருந்த அக்கா உப்பு முடிச்சை நீட்டினார். "படியில் இறங்கிப் பார்த்து வாங்கியிருக்கலாமே சார்?" அவர் காலில் வெளுத்துப்போன பழைய பூட்ஸ், கணுக்காலுக்கு மேல் துணிக்கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். அந்தக் கட்டை மாதக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். கிழிசலுக்குப் போட்டது என்றே நினைத்திருந்தேன்.

அந்த வாரம் சித்தப்பா மகன் விடுப்பில் வந்திருந்தார். ராணுவக்காரர், குல்மார்க்கில் 1948இல் தொடங்கிய ராணுவப் பள்ளியில் பனிச்சறுக்குப் பயிற்சி பெற்றவர். நான் நொண்டுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பனிச்சறுக்கு பூட்ஸின் கதையைச் சொன்னார். வெளியே கெட்டி பிளாஸ்டிக் ஓடு, உள்ளே மெத்தை. மெத்தையை உருவிவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல் முன்னால் தொடும்படி நிற்க வேண்டும். அப்போது குதிகாலுக்குப் பின்னால் ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் இடம் இருந்தால் அளவு சரி. காலுறை மெல்லியதாக ஒன்றே ஒன்று. மெத்தையைத் திரும்ப வைத்துக் கொக்கிகளைப் பூட்டி முழங்காலை முன்னால் மடக்கினால், குதிகால் பின்னால் போய் உட்காரும். விரல்கள் முன்சுவரை விட்டு விலகும்.

"நேராக நின்று பார்த்து, விரல் இடிக்கிறதே என்று பெரியதை எடுப்பவன் சரிவில் அழுவான் அண்ணே" என்றார். பனிக்கும் ஏலக்காட்டுச் சேற்றுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் அக்காவின் துணிக்கயிறு எதற்கு என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

திங்கட்கிழமை ஒற்றைக் காலுறையோடு, கணுக்காலில் கயிறு கட்டிக்கொண்டு போனேன். அக்கா எட்டிப் பார்த்தார். "முடிச்சு வெளிப்பக்கம் இருக்க வேண்டும் சார், உள்பக்கம் இருந்தால் மறு காலில் சிக்கும்." மாற்றிக் கட்டினேன். நகம் மட்டும் புரட்டாசியில் விழுந்துவிட்டது.