கங்கர்லுசுவாக்கில் கஸ்தூரி எருதுகளைத் தேடி

மேற்கு கிரீன்லாந்தில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்று வடக்கே, விமான நிலையத்தை ஒட்டி வளர்ந்த சின்ன ஊர் கங்கர்லுசுவாக். அங்கிருந்து பனிப்பாளத்தின் விளிம்புவரை போகும் மண்சாலையை ஒட்டித்தான், நீண்ட முடி தொங்கும் ஆர்க்டிக் மேய்ச்சல் விலங்கான கஸ்தூரி எருதுக்கான (muskox) என் தேடல் முழுவதும்.

மரமே இல்லாத வெட்டவெளிதானே, எளிதில் கண்ணில் பட்டுவிடும் என்று நினைக்கலாம். ஆனால் பைனாகுலரில் பார்த்தால் கறுத்த பாறை ஒவ்வொன்றும் எருதுதான்! ஒரு சரிவை எடுத்துக்கொண்டு, இடமிருந்து வலமாக மெதுவாகப் பார்த்து, சற்று நேரம் விட்டு மறுபடியும் பார்ப்பது நல்ல பலன் தருகிறது. பாறை இடம் மாறாது. முதுகில் வெளிறிய ஒரு திட்டும், தரையைத் தொடுகிறாற்போல் தொங்கும் முடி காற்றில் அசைவதும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

கோடையில் இன்னொரு தடயமும் கிடைக்கும். குட்டை வில்லோ புதர்களில் சாம்பல் நிறப் பஞ்சு சிக்கியிருக்கும். குளிர்காலத்து உள்முடியை எருதுகள் உதிர்க்கிற காலம் அது. கிவியுட் எனப்படும் அந்த முடி அவ்வளவு மென்மை. உள்ளங்கையில் வைத்த உடனே கதகதப்பு தெரிகிறது.

அப்புறம் காற்று. இங்கே வேட்டை உண்டு என்பதால் மனித வாடை பட்டாலே பல மந்தைகள் மலையேறிவிடும். அதனால் காற்று முகத்தில் அடிக்கிற பக்கமாகவே நடக்கிறேன். இருநூறு மீட்டருக்கு உள்ளே போவதில்லை. எருது கண்ணுக்குக் கீழே உள்ள சுரப்பியை முன்காலில் தேய்க்க ஆரம்பித்தால் எரிச்சலில் இருக்கிறது என்று அர்த்தம்; உடனே பின்வாங்குவேன்.

ஒரு மந்தை என்னைக் கவனித்ததும் ஓடாமல் நெருங்கி நின்றது. பெரியவை எல்லாம் என்னை நோக்கி வரிசை கட்ட, கன்று பின்னால் மறைந்துவிட்டது. ஓநாய்க்கு எதிரான வியூகம் அது. இத்தனைக்கும் இந்தப் பகுதியில் ஓநாயே கிடையாது! 1960-களில் கிழக்கு கிரீன்லாந்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட 27 எருதுகளின் வம்சம் இவை. இன்று ஆயிரக்கணக்கில் பெருகியிருக்கின்றன. வறண்ட இடம் என்பதால் குளிர்காலத்திலும் பனி ஆழமாகப் படிவதில்லை, மேய்ச்சலுக்குப் பஞ்சமில்லை. ஓநாய்க்கு எதிராக வரிசை கட்டும் அந்தப் பழைய பழக்கம் மட்டும் அப்படியே இருப்பதை நேரில் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

அடுத்து ஆகஸ்ட் பிற்பகுதியில் வரப்போகிறேன். காளைகள் தலையோடு தலை மோதுகிற பருவம், கொசுத்தொல்லையும் குறைந்திருக்கும். பைனாகுலர் போதாது, முக்காலித் தாங்கியோடு ஸ்பாட்டிங் ஸ்கோப்பும் (இன்னும் பெரிதாக்கிக் காட்டும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி) வேண்டும்.