மரக்கார் பந்தயம்: எடையை எங்கே, எப்படி வைப்பது

சரிவில் தானாக உருண்டு ஓடும் மரக்கார் செய்பவர்களில் பலர் முதலில் உடலைச் செதுக்குகிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள், சக்கரம் மாட்டுகிறார்கள். கடைசியில் தராசில் வைத்துப் பார்த்து, எடை போதவில்லை என்று தெரிந்ததும் கையில் கிடைத்த ஈயத்துண்டை அடியில் ஒட்டிவிடுகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். எடை உட்காரும் இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அதைச் சுற்றி உடலை அமைப்பதுதான் சரி.

அமெரிக்காவில் சாரணர் இயக்கத்தின் சிறுவர் பிரிவான குருளைச் சாரணர்களுக்காக 1953-ல் டான் மர்ஃபி என்பவர் கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் தொடங்கிவைத்த போட்டி இது. பெயர் பைன்வுட் டெர்பி. வழக்கமான விதிகள்: நீளம் 7 அங்குலம் (178 மி.மீ.), சக்கரங்களோடு சேர்த்து அகலம் 2¾ அங்குலம், அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடைவெளி 3/8 அங்குலம், மொத்த எடை 5 அவுன்ஸுக்குள். 5 அவுன்ஸ் என்றால் 141.75 கிராம். மதுரையில் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கோ விடுமுறை வகுப்புக்கோ இதை நடத்தினால், விதியை 141 கிராம் என்றே எழுதிவிடுங்கள். அந்த முக்கால் கிராமுக்காகத் தராசடியில் நடக்கும் வாக்குவாதம் மிச்சமாகும்.

கனமான பொருளும் லேசான பொருளும் ஒரே வேகத்தில்தானே விழும், பிறகு எடை எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. காற்றின் தடை வண்டியின் உருவத்தையும் வேகத்தையும் பொறுத்தது, எடையைப் பொறுத்ததல்ல. அதே தடை 90 கிராம் வண்டியை அதிகம் இழுத்துப் பிடிக்கும், 141 கிராம் வண்டியைக் குறைவாக. சக்கரங்களைச் சுழலவைக்கவும் கொஞ்சம் ஆற்றல் போகிறது. நான்கும் சேர்ந்து 10 கிராம் போல இருக்கும். வண்டி கனக்கக் கனக்க அந்தச் செலவின் விகிதம் குறையும். ஆனால் அச்சில் ஏற்படும் உராய்வு எடையோடு சேர்ந்தே கூடும். அதை எடை போட்டுச் சரிக்கட்ட முடியாது. கிராஃபைட் தூளும், அச்சாக இறங்கும் ஆணி வழவழப்பாக இருப்பதும்தான் அதற்கு வழி.

எடை பின்னால் இருக்க வேண்டிய காரணம் வேறு. சரிவின் உச்சியில் நிற்கும்போது வண்டியின் பின்பக்கம்தான் உயரத்தில் இருக்கிறது. வண்டி விரலில் சாயாமல் நிற்கும் புள்ளியான எடை மையத்தை ஓர் அங்குலம் பின்னே தள்ளினால், 25 டிகிரி சரிவில் அது கூடுதலாக 10 மி.மீ. உயரத்திலிருந்து இறங்குகிறது. 1.2 மீட்டர் உயரப் பாதையில் இதனால் வேகம் அரை சதவீதம்கூடக் கூடாது. ஆனாலும் 8 மீட்டர் சமதளம் ஓடி முடிக்கும்போது மூன்று சென்டிமீட்டர் போல முந்திவிடும். இந்தப் பந்தயத்தில் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் அந்த அளவு இடைவெளியில்தான்.

அதற்காகப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டிவிடக் கூடாது. எடை மையம் பின் அச்சுக்கு முன்னே 19 முதல் 25 மி.மீ.க்குள் இருக்கட்டும். அமெரிக்காவில் விற்கும் அலுமினியப் பாதை வழவழப்பானது. அதில் 19 மி.மீ. வரை துணியலாம். நம் ஊரில் தச்சர் 8 அடி ப்ளைவுட் பலகைகளை இணைத்துச் செய்யும் பாதையில் ஒவ்வொரு இணைப்பிலும் நூலளவு மேடு இருக்கும். முன்சக்கரத்தில் பாரம் போதாவிட்டால் அங்கே துள்ளும், துள்ளிய வண்டி, அதை நேரே நடத்தப் பாதையின் நடுவே ஓடும் கட்டையில் மோதி வேகம் இழக்கும். இப்படிப்பட்ட பாதைக்கு 23-லிருந்து 25 மி.மீ. என்பதே எங்கள் பரிந்துரை.

இப்போது மரம். 7 × 1¾ × 1¼ அங்குலக் கட்டையின் கன அளவு சுமார் 250 க.செ.மீ. பைன் என்றால் 110 கிராம் சுற்றி வரும். தேக்கு என்றால் 160 கிராமைத் தாண்டும், செதுக்கும் முன்பே விதி மீறியாயிற்று. வேம்பும் கனம்தான். நல்ல தேக்குத் துண்டு வீட்டில் கிடக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். இயந்திரங்கள் வரும் பேக்கிங் பெட்டியின் பைன் பலகை போதும், முடிச்சில்லாத பகுதியாகப் பார்த்து எடுங்கள். கல்யாண முருங்கை இன்னும் லேசு. ஆனால் ஆணி இறுகப் பிடிக்காது, அச்சு வரும் இடத்தில் மட்டும் கெட்டியான மரத்துண்டு பதிக்க வேண்டியிருக்கும். மரம் எவ்வளவு லேசோ, நாம் விரும்பும் இடத்தில் வைக்க அவ்வளவு எடை நம் கையில் மிஞ்சுகிறது.

கணக்கைப் போட்டே காட்டுகிறோம். வால் பக்கம் 12 மி.மீ., மூக்குப் பக்கம் 4 மி.மீ. தடிப்பில் ஆப்பு வடிவ பைன் உடல்: 28 கிராம். சக்கரமும் ஆணியும் 13 கிராம். பெயின்ட் 4 கிராம். ஆக 45 கிராம். இவை எல்லாவற்றுக்குமான எடை மையம் வால் நுனியிலிருந்து 73 மி.மீ. தள்ளி இருக்கும். பின் அச்சு வால் நுனியிலிருந்து 16 மி.மீ.யில், இரு அச்சுக்கும் இடைவெளி 111 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முழு வண்டியின் மையம் அச்சுக்கு 23 மி.மீ. முன்னே, அதாவது வாலிலிருந்து 39 மி.மீ.யில் வர வேண்டும். 141 × 39 = 5499. அதில் 45 × 73 = 3285-ஐக் கழித்தால் 2214. சேர்க்க வேண்டிய எடை 96 கிராம். 2214-ஐ 96-ஆல் வகுத்தால் 23. அப்படியானால் 96 கிராமும் வால் நுனியிலிருந்து சராசரியாக 23 மி.மீ.க்குள் அடங்க வேண்டும், அச்சை ஒட்டியே. உடலை ஆப்பாகச் சீவாமல் பலகையாகவே விட்டால் இந்த விடை 5 மி.மீ. என்று வரும். அது நடக்காத காரியம். மூக்குப் பக்க மரத்தை ஏன் இரக்கமில்லாமல் சீவச் சொல்கிறோம் என்பது இதில் தெரியும்.

அந்த 96 கிராம் இரும்பில் 12 க.செ.மீ. இடம் பிடிக்கும், ஈயத்தில் எட்டரை, டங்ஸ்டனில் 5. இடம் குறைவு என்பதால் டங்ஸ்டன்தான் முதல் தேர்வு. இதற்கென்றே கட்டிகளாக வெளிநாட்டில் விற்கிறார்கள், விலை கூடுதல். அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. எவர்சில்வர் கைப்பிடி, கேட் செய்யும் பட்டறைகளில் ஆர்கான் வெல்டிங்குக்குப் பயன்படுத்தும் ராடு டங்ஸ்டன்தான். வெல்டிங் சாமான் கடையில் கேட்டால் கிடைக்கும். 3.2 மி.மீ. தடிப்பு, 150 மி.மீ. நீளமுள்ள ஒரு ராடு சுமார் 23 கிராம். 2.4 மி.மீ. என்றால் 13 கிராம். நுனியில் உள்ள நிறத்தைப் பார்த்து வாங்குங்கள். சிவப்பு நுனியில் தோரியம் கலந்திருக்கும், கதிரியக்கம் உண்டு, அதன் தூளை மூச்சில் இழுக்கவே கூடாது. பச்சை, சாம்பல், நீலம் இவற்றில் ஒன்றாகக் கேளுங்கள்.

நான்கு ராடு வாங்கி ஒவ்வொன்றையும் 37 மி.மீ. நீளத்தில் நான்காக வெட்டினால் 16 துண்டு, சுமார் 92 கிராம். ஹாக்ஸா பிளேடு இதன்மேல் வழுக்கும். கிரைண்டரில் சுற்றிலும் கீறல் போட்டு, வைஸில் பிடித்துத் தட்டினால் உடையும். நீளவாக்கில் பிளந்து சிதறவும் கூடும். கண்ணாடியும் முகமூடியும் அணிந்து பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை இது. இன்னும் நல்லது, பட்டறைக்காரரிடமே வெட்டி வாங்கிவிடுவது.

உடலின் அடிப்பக்கத்தில் 7 மி.மீ. ஆழத்துக்கு இரண்டு குழி உளி வைத்து எடுங்கள், கட்டை சதுரமாக இருக்கும்போதே. சீவிய பிறகு குழி எடுத்தால் கட்டை ஆடும், மரம் பிளக்கும். அச்சுக்குப் பின்னே 9 மி.மீ. அகலக் குழி, அதில் இரண்டிரண்டாக இரு அடுக்கில் 4 துண்டு. அச்சு போகும் இடத்தில் 8 மி.மீ. மரத்தை அப்படியே விடுங்கள். அதற்கு முன்னே 20 மி.மீ. அகலக் குழி, ஆறாறாக 12 துண்டு. அந்த 8 மி.மீ. பாலத்தை மட்டும் கஞ்சத்தனமாகக் குறைக்க வேண்டாம். ஆணியைத் தாங்குவது அதுதான். அது பிளந்தால் சக்கரம் கோணும், பிறகு எடை எங்கே இருந்து என்ன பயன்? குழியில் போகும் மரத்தின் எடையை ஊற்றும் பசை ஏறக்குறைய ஈடுகட்டிவிடும்.

செலவைக் குறைக்க வேண்டும் என்றால் வீல் அலைன்மென்ட் கடையில் கிடைக்கும் ஒட்டு எடை நல்லது. 5 கிராம், 10 கிராம் துண்டுகளாகப் பட்டையில் வரும், கணக்குப் போட வசதி. பின்னால் வரும் இரட்டைப் பக்க டேப்பை மட்டும் நம்பாதீர்கள். பெயின்ட் அடிக்காத மரத்தில் அது பிடிக்காது. டேப்பை உரித்துவிட்டு எபாக்ஸி போடுங்கள். இரும்பு அதிக இடம் பிடிப்பதால் எடை மையம் 28 மி.மீ. பக்கம் போய்விடும். பரவாயில்லை, அந்த வண்டியும் நேராக ஓடும்.

தூண்டில் ஈயக்குண்டு மலிவு, சுத்தியலால் தட்டிக் குழிக்கேற்ப வடிவமும் கொடுக்கலாம். ஆனால் ஈயம் நஞ்சு. பிள்ளைகள் கையில் கொடுக்க நாங்கள் சம்மதிக்க மாட்டோம். அதை உருக்கி மரக்குழிக்குள் ஊற்றுவது இன்னும் மோசம். மரத்தின் ஈரம் நீராவியாகி ஈயத்தைத் தெறிக்கவிடும், ஆறியதும் ஈயம் சுருங்கிக் குழிக்குள் லொடலொடக்கும். சில்லறைக் காசை டேப்பால் ஒட்டி இடம் பார்ப்பது நல்ல உத்தி. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாணயத்தை வெட்டுவதும் உருக்குவதும் 2011 நாணயச் சட்டப்படி குற்றம்.

ஒட்டுவதற்கு அரால்டைட் மாதிரியான எபாக்ஸிதான் சரி, மெதுவாக இறுகும் வகை. உலோகத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்த பிறகு ஒட்டுங்கள். ஹாட் க்ளூ வேண்டவே வேண்டாம். சித்திரை வைகாசி வெயிலில், மூடிய காருக்குள் ஒரு மணி நேரம் இருந்தாலே இளகி, எடை இடம் மாறிவிடும். எந்த எடையும் உள்ளே அசையக் கூடாது. அசைந்தால் விதிப்படி தள்ளுபடி, ஒவ்வொரு குலுக்கலிலும் வேகமும் போகும்.

எடை மையத்தை விரலில் நிறுத்திப் பார்ப்பது தோராயம்தான். தராசில் துல்லியமாகப் பார்க்கலாம். முன்சக்கரங்களைத் தராசிலும் பின்சக்கரங்களை அதே உயரத்தில் ஒரு புத்தக அடுக்கிலும் வையுங்கள். வரும் எடையை மொத்த எடையால் வகுத்து 111-ஆல் பெருக்கினால், பின் அச்சிலிருந்து மையம் எத்தனை மி.மீ. முன்னே இருக்கிறது என்பது கிடைக்கும். 29 கிராம் காட்டினால் 23 மி.மீ. இடது வலது சமமாக இருக்கிறதா என்றும் அப்படியே பாருங்கள். சமையலறைத் தராசு 1 கிராம் முன்பின் காட்டும். 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளில் வைத்திருப்பார்கள், தெரிந்த கடை என்றால் ஒரு நிமிடம் வைத்துப் பார்க்க மறுக்கமாட்டார்கள்.

மரம் ஈரத்தைக் குடிக்கும் என்பது பலருக்கும் நினைவுக்கு வருவதில்லை. ஐப்பசி மழையில் 28 கிராம் பைன் ஒரு கிராம் கூடிவிடலாம். குழியின் உட்புறம் உட்பட எல்லாப் பக்கமும் அரக்கு பாலிஷோ சீலரோ இரண்டு கை அடித்துக் காயவைத்த பிறகே கடைசி எடை போடுங்கள். அப்போதும் 140 கிராமில் நிறுத்திக்கொள்ளுங்கள். மீதி ஒரு கிராமைப் பந்தய இடத்துத் தராசைப் பார்த்துச் சேர்க்கலாம். இதற்குச் சைக்கிள் கடையில் கிடைக்கும் கால் அங்குல பால்ஸ் கச்சிதம், ஒன்று ஏறத்தாழ 1 கிராம். வால் பக்கத்தில் 6.5 மி.மீ. துளை ஒன்று போட்டு வைத்து, தேவையான பால்ஸைப் போட்டு எம்-சீலால் அடைத்தால் முடிந்தது. சீலுக்கும் எடை உண்டு, சேர்த்தே நிறுங்கள். எடை கூடிவிட்டால் உலோகத்தைத் தொட வேண்டாம், மூக்குப் பக்கத்து அடிமரத்தில் 5 மி.மீ. பிட்டால் ஆழமில்லாத துளைகள் போட்டால் போதும், மையமும் கொஞ்சம் பின்னே நகரும்.

ஓட்டிப் பார்க்கும்போது சரிவு முடிந்து சமதளம் தொடங்கும் வளைவில் முன்பக்கத்தைக் கவனியுங்கள், செல்போனில் ஸ்லோ மோஷனில் எடுத்தால் நன்றாகத் தெரியும். அங்கே முன்சக்கரம் தூக்கினால் மையம் அதிகம் பின்னே போயிருக்கிறது. வாலில் போட்ட பால்ஸை எடுத்து மூக்குப் பக்கம் வையுங்கள், ஒரு பால்ஸ் கிட்டத்தட்ட 1 மி.மீ. முன்னே நகர்த்தும். சக்கரம் தூக்காமலே வண்டி இருபக்கமும் ஆடினால் குறை எடையில் இல்லை, ஆணி நேராக இறங்கவில்லை என்று பொருள்.