ஏறிப் பார்க்கவேண்டிய சித்திரம்

உயர்தரத்தில் சித்திரம் எடுத்தவர்கள் எங்கள் வகுப்பில் ஐந்து பேர். ஒருநாள் மாஸ்டர் கரும்பலகையில் ஒரு படிக்கட்டு வரைந்தார். நடுவால் ஏறி, பாதியில் இரண்டாகப் பிரிந்து, வந்த திசைக்கே திரும்பி மேலே போகும் படிக்கட்டு. "இதுக்கு மேல கூரையிலதான் தியெப்போலோ எண்ட இத்தாலிய ஓவியர் வரைஞ்சவர். கீழ நிண்டால் தெரியாது, ஏறித்தான் பாக்கவேணும்." சோதனைக்கு வராத விஷயம். அந்தப் பாடவேளை முழுவதும் அதிலேயே போனது.

ஜேர்மனிக்கு வந்து பல வருடம் கழித்தே, அந்தப் படிக்கட்டு இருக்கும் வூர்ட்ஸ்பூர்க் அரண்மனைக்குப் போனேன். 1720இல் தொடங்கிய கட்டடம். கட்டியவர் பல்தசார் நொய்மான், பீரங்கியும் மணியும் வார்க்கப் பழகியவர். கீழ்க்கூடம் தாழ்ந்து மங்கலாக இருந்தது. ஏற ஏற மேலே கூரையில் தீட்டிய வானம் விரிந்தது. முதலில் முதலைமேல் அமர்ந்த பெண்ணாக அமெரிக்கா. பாதியில் திரும்பினால் எதிரே ஐரோப்பா. பக்கங்களில் யானைமேல் ஆசியா, ஒட்டகத்தில் ஆபிரிக்கா. 600 சதுர மீற்றருக்கும் மேற்பட்ட வளைகூரை, நடுவில் ஒரு தூண் இல்லை.

தியெப்போலோ வெனிசிலிருந்து மகன்மார் இருவரோடு வந்து 1752, 1753இல் இதைத் தீட்டினார். அன்றன்று பூசிய சாந்து காயுமுன் அந்தப் பகுதியை முடித்தாகவேண்டும். இதை விளங்கவைக்க மாஸ்டர் சுண்ணாம்பு குழைத்து ஓட்டுத்துண்டில் பூசி எங்களைத் தீட்டவிட்டவர். காய்ந்தபின் தேய்த்துப் பார்த்தோம். நீலம் கையில் ஒட்டவில்லை.

ஒன்று உறுத்தியது. மற்ற மூன்று கண்டங்களும் விலங்குமேல். ஐரோப்பா மட்டும் கலைகள் சூழ அரியணையில். கத்தோலிக்க ஆயரும் அரசருமாய் ஒருவரே ஆண்ட மாளிகை, அவர்கள் உலகத்தைப் பார்த்த விதம் அது. ஆனால் அந்த ஐரோப்பாவின் கீழே, பீரங்கியில் சாய்ந்தபடி நொய்மான் இருக்கிறார். கட்டியவனை அவன் கட்டிய கூரையிலேயே ஏற்றிவைத்த ஓவியன்! அங்கேதான் வெகுநேரம் நின்றேன். படம் முடிந்த அதே 1753இல் நொய்மான் காலமானார்.

1945 மார்ச் 16 குண்டுவீச்சில் அரண்மனையின் பெரும்பகுதி எரிந்தது. மேலிருந்த மரக்கூரை போயிற்று, அதன் கீழ் ஓவியம் தாங்கிய நொய்மானின் வளைகூரை விழவில்லை. பிறகு ஜோன் ஸ்கில்ற்றன் என்ற அமெரிக்க அதிகாரி மரம் தேடிப்பிடித்துத் தற்காலிகக் கூரை போடுவித்தார். மழையிலிருந்து ஓவியம் தப்பியது அவரால்.

அங்கே வாங்கிய தபாலட்டையை மாஸ்டரின் மகளுக்கு அனுப்பினேன். இரண்டு கிழமை கழித்து அவ தொலைபேசி எடுத்தா. "அப்பான்ரை கொப்பியிலை இந்தப் படிக்கட்டு கிடக்கு, அண்ணை."