காது பக்கம் புரட்டாது

அச்சில் போர் வரலாறு படிக்கிறவர்களின் விரலுக்கு ஒரு குணம் உண்டு. சண்டை எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்று தானாகவே தேடிப் போய்விடும். பாலம் கட்ட மரம் எங்கிருந்து வந்தது, எத்தனை பேருக்குக் காய்ச்சல், ரொட்டிக்கு மாவு போதுமா என்றெல்லாம் வருகிற அத்தியாயத்தை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு பீரங்கி முழங்கும் இடத்தில் போய் நிற்கும். ஒலிநூலில் அது நடக்காது. முப்பது நொடி தாவுகிற பொத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் கேட்பது பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும்தான். கை நிறைய நுரையை வைத்துக்கொண்டு எந்தப் பொத்தானை அமுக்குவது? மாவுக் கணக்கு முடியும்வரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எனக்கு அது பிடித்தும் இருக்கிறது. என் வேலை சரக்கு இருப்புத் தணிக்கை. பகலெல்லாம் திரையில் எண்களைப் பார்த்துவிட்டு வந்தால், சாயங்காலம் கண் எழுத்தின் பக்கமே போக மாட்டேன் என்கிறது. காதுக்கு அந்தக் களைப்பு இல்லை. "இன்னிக்கு யாருப்பா செத்தா?" என்று கேட்டுக்கொண்டே என் மகள் கடந்து போவாள். பெரும்பாலும் என் பதில், "யாரும் சாகலம்மா, லாரி வந்து சேரல" என்பதாகத்தான் இருக்கும்.

இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் தளபதி வில்லியம் ஸ்லிம்மின் பர்மா நினைவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1942இல் ஜப்பானியரிடம் தோற்று, ஏறக்குறைய 900 மைல் பின்வாங்கி வந்த படையைத் திரும்ப நிமிர்த்தி, 1944இல் இம்பாலிலும் கோஹிமாவிலும் தடுத்து நிறுத்தி, அடுத்த ஆண்டு ரங்கூன்வரை விரட்டிக்கொண்டு போனவர். கோஹிமாவில் துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் ஒரு படை என்று நின்று சண்டையிட்டதைப் போர்க்கதைப் பிரியர்கள் எல்லாரும் சொல்வார்கள். காதில் கேட்ட எனக்கு ஒட்டிக்கொண்டது வேறு. 1943இல் காயம்பட்டு வெளியேற்றப்பட்ட ஒவ்வொருவருக்கும் 120 பேர் நோயால் வெளியேற்றப்பட்டார்கள். 120! எதிரி சுட்டதைவிடக் கொசு கடித்ததில்தான் படை கரைந்துகொண்டிருந்தது. மலேரியாவுக்கு மெபாக்ரின் மாத்திரை இருந்தும் சிப்பாய்கள் ஒழுங்காக விழுங்கவில்லை. ஸ்லிம் என்ன செய்தார்? முன்னறிவிப்பு இல்லாமல் ஏதாவது ஒரு பிரிவுக்கு ஆளனுப்பி ரத்தத்தில் மாத்திரை இருக்கிறதா என்று சோதிக்கச் சொன்னார். மாத்திரை விழுங்கியவர்கள் 95 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தப் பிரிவின் தலைவருக்குப் பதவி போகும். மூன்று பேரைத்தான் நீக்க வேண்டியிருந்தது என்கிறார். அதற்குள் மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. திடீர்ச் சோதனையின் அருமை தெரிந்தவன் என்பதால் அந்த இடத்தைத் திருப்பிப் போட்டுக் கேட்டேன். அச்சில் அது சிறிய பகுதிதான், கண் வழுக்கிக்கொண்டு போயிருக்கும்.

ஜெர்மானியத் தளபதி ரோமலும் அப்படித்தான். பாலைவன நரி, மின்னல் வேகம் என்ற புகழெல்லாம் இருக்கட்டும். வாழ்க்கை வரலாற்றை முழுதாகக் கேட்டால் மனிதர் பாதி நேரம் பெட்ரோலுக்குத்தான் அல்லாடுகிறார். லிபியாவின் திரிபோலியில் இறங்கும் எரிபொருள் எகிப்தின் எல் அலமைனுக்கு வர ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். கொண்டுவருகிற லாரியே வழியில் அதில் ஒரு பங்கைக் குடித்துவிடும். 1942 அக்டோபர் 23 அன்று அலமைனில் பெருஞ்சண்டை தொடங்கியபோது ரோமல் ஆப்பிரிக்காவிலேயே இல்லை, உடம்பு சரியில்லாமல் ஊருக்குப் போயிருந்தார். அவர் இடத்தில் இருந்த ஷ்டும்மே மறுநாளே மாரடைப்பில் இறந்தார். திரைப்படத்தில் இதையெல்லாம் ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். நிறையவே இருக்கின்றன.

முதல் குறை படைகளின் எண்கள். படைப்பிரிவுகளில் பெரியது ஆர்மி, அதற்குள் கோர், கோருக்குள் டிவிஷன். ஆங்கிலப் போர் நூல்களில் ஒரு அச்சு மரபு உண்டு: ஆர்மி என்றால் அதன் எண்ணை எழுத்தால் எழுதுவார்கள், கோர் என்றால் ரோமன் எண், டிவிஷன் என்றால் சாதாரண எண். பார்த்த மாத்திரத்தில் எது பெரியது, எது சிறியது என்று தெரிந்துவிடும். எதிரிப் படைகளைச் சாய்வெழுத்தில் போடுகிறவர்களும் உண்டு. ஒலியில் இத்தனையும் போய்விடுகிறது. 1942இல் ஜெர்மானியரும் சோவியத் படையும் மோதிய ஸ்டாலின்கிராட் சண்டையைக் கேட்டுப் பாருங்கள். ஜெர்மானியரின் 6ஆவது ஆர்மி, சோவியத்தின் 62ஆவது, 64ஆவது ஆர்மிகள், இடையில் 16ஆவது பான்சர், அதாவது டாங்கி, டிவிஷன். பத்து நிமிடத்தில் எல்லாம் ஒரே கூட்டுத்தொகையாகிவிடும். பெயர்கள் அதற்கு மேல். நகருக்குள் 62ஆவது ஆர்மியோடு நின்றவர் சுய்கோவ், மாஸ்கோவிலிருந்து திட்டம் தீட்டியவர்களில் ஒருவர் ஜுகோவ். தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தால் இருவரும் ஒருவர்தான். சோவியத் தளபதிகளில் டிமஷென்கோவும் யெரெமென்கோவும் அடுத்த ஜோடி.

இதற்கு நான் கண்ட வழி, தொடங்கும் முன் வரைபடத்தைப் பத்து நிமிடம் பார்ப்பது. பல நூல்களோடு படங்களைத் தனிக் கோப்பாகத் தருகிறார்கள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். ஆறு எங்கே, சாலை எங்கே, சோறு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்ற மூன்றும் போதும். ஸ்டாலின்கிராட் வோல்காவின் மேற்குக் கரையில் நீளவாக்கில் கிடக்கிறது, சோவியத் படைக்கு ஆளும் குண்டும் கிழக்குக் கரையிலிருந்து ஆற்றைக் கடந்துதான் வர வேண்டும். இது மனதில் இருந்தால் எண்கள் குழம்பினாலும் கதை குழம்பாது. படகுத்துறைக்கு ஏன் அப்படி அடித்துக்கொள்கிறார்கள் என்பது புரியும்.

வரைபடத்துக்கு ஈடாகக் காது எதையும் தராது என்றும் சொல்ல முடியாது. நெப்போலியனின் 1812 ரஷ்யப் படையெடுப்பை மினார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1869இல் ஒரே படமாக வரைந்தார். நியெமென் ஆற்றைக் கடக்கும்போது 4,22,000 பேராக இருக்கும் தடித்த பட்டை, மாஸ்கோவில் 1,00,000 ஆகி, திரும்பி வரும்போது 10,000 பேரின் கோடாக மெலிந்துவிடும். அற்புதமான படம். ஆனால் கண் அதை ஒரு நிமிடத்தில் கடந்துவிடும். அதே பின்வாங்கலைக் காதில் கேட்டால் மணிக்கணக்காகப் போகும். இதோ முடிந்தது என்று நினைக்கும்போது பெரெசினா ஆறு குறுக்கே வரும். போவது எவ்வளவு தூரம் என்பதைப் படமும், எவ்வளவு நேரம் என்பதைக் குரலும் சொல்கின்றன.

வாசிக்கிறவர்களைப் பற்றி எனக்குக் கறாரான கருத்து உண்டு. ஜெர்மானியத் தளபதி பேசினால் ஜெர்மன் சாயலில், சர்ச்சில் என்றால் உறுமலோடு என்று நடிக்கிறவர்களை என்னால் அரை மணி நேரம்கூடத் தாங்க முடியாது. மாதிரியை ஐந்து நிமிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறேன். வாழ்க்கை வரலாற்றில் நல்ல வாசிப்பாளரைக் கண்டுபிடிக்க எளிய சோதனை மேற்கோள்தான். மேற்கோள் குறி காதுக்குத் தெரியாது. தளபதி கடிதத்தில் எழுதியது எங்கே முடிகிறது, வரலாற்றாசிரியரின் கருத்து எங்கே தொடங்குகிறது என்பதைக் குரலின் ஒரு சிறு இறக்கத்தில் காட்டத் தெரிந்தவரே கைதேர்ந்தவர். அது தெரியாதவரிடம் கேட்டால் தளபதியின் சுயபுராணம் எல்லாம் வரலாற்றாசிரியரின் தீர்ப்பாகக் காதில் ஏறிவிடும். அடிக்குறிப்புகளையும் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அடிக்குறிப்பு எனக்கு வவுச்சர் மாதிரி, அது இல்லாத செலவுக் கணக்கை ஏற்றுக்கொள்ள மனம் வருவதில்லை. சந்தேகம் வருகிற இடத்துக்கு மட்டும் அச்சு நூலைத் தேடிப் போகிறேன்.

தன்னார்வலர்கள் வாசித்துத் தரும் லிப்ரிவாக்ஸ் 2005இலிருந்து இயங்குகிறது. காப்புரிமை தீர்ந்த நூல்கள், இலவசம். சில பதிவுகளில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் குரல் மாறும். ரோமானியத் தளபதி சீசர் தன் படையெடுப்பைப் பற்றித் தானே எழுதிய காலியப் போரை அப்படிப் பல குரலில் கேட்பது எனக்குச் சரியாகவே பட்டது. அவர் தன்னையே "சீசர் கட்டளையிட்டார்", "சீசர் கருதினார்" என்று படர்க்கையில் எழுதுகிறவர். யாரோ நடுநிலையாளர் சொல்வதாக ஒரு மணி நேரத்தில் நம்பிவிடுகிறோம். கெட்டிக்காரர்.

இதற்கெல்லாம் நேர்மாறானவர் யுலிசிஸ் கிராண்ட். காதில் கேட்கவே பிறந்த நூல் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அவருடைய நினைவுக்குறிப்பைத்தான் சொல்வேன். அமெரிக்க உள்நாட்டுப் போரை வென்று, இரண்டு முறை குடியரசுத் தலைவராகவும் இருந்தவர், 1884இல் பங்குதாரரின் மோசடியால் கையில் காசில்லாமல் நின்றார். அதே ஆண்டு தொண்டையில் புற்றுநோய். குடும்பத்துக்கு ஏதாவது விட்டுப்போக வேண்டுமே என்று எழுத உட்கார்ந்தார். சில பகுதிகளைச் சுருக்கெழுத்தருக்குச் சொல்லி எழுத வைத்தார். குரல் போனபிறகு தன் கையாலேயே எழுதினார். முடித்த சில நாளில், 1885 ஜூலை 23 அன்று இறந்தார். வெளியிட்டது மார்க் ட்வெயினின் பதிப்பகம், மனைவி ஜூலியாவுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 4,50,000 டாலர்.

வாக்கியங்கள் சின்னவை, அலங்காரமே இல்லை. மெக்சிகோ போரில் ரெஜிமெண்டின் பொருள் வழங்கல் அதிகாரியாகக் கோவேறு கழுதைகளோடு மல்லுக்கட்டியவர் என்பது ஒவ்வொரு அத்தியாயத்திலும் தெரியும். 1865 ஏப்ரலில், எதிர்த்தரப்புத் தளபதி லீ சரணடைவதற்கு முந்தைய இரவு, இவருக்குப் பொறுக்க முடியாத தலைவலி. கடுகு கலந்த சுடுநீரில் காலை வைத்துக்கொண்டு, மணிக்கட்டிலும் பின்கழுத்திலும் கடுகுப் பற்றுப் போட்டு விடியவிடிய உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் லீயின் கடிதம் வந்ததும் தலைவலி பறந்துவிட்டது. அப்போமட்டாக்ஸில் சரணடைந்தவர்கள் விதைப்புக்கு வேண்டும் என்று தங்கள் குதிரைகளைக் கொண்டுபோக அனுமதிக்கிறார், பசித்த எதிரிப் படைக்கு 25,000 பேருக்கான ரேஷனும் கொடுக்கச் சொல்கிறார். இவரைக் கேட்கும்போது மட்டும் வேகத்தைக் கூட்டுவதில்லை. மற்றவர்களை ஒன்றேகால் மடங்கில் ஓடவிடுவேன்.

ஒலிநூலுக்கும் போருக்கும் ஒட்டும் உறவும் உண்டு என்பது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. 1916இல் சோம் போர்க்களத்தில் குண்டடிபட்டுப் பார்வை இழந்த இயன் ஃபிரேசர், பார்வை இழந்த வீரர்களுக்கான செயின்ட் டன்ஸ்டன்ஸ் அமைப்பின் தலைவரானார். பிரிட்டனில் 1935இல் வெளிவந்த பேசும் நூல்களுக்குப் பின்னால் அவருடைய பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. ஒரு இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 25 நிமிட வாசிப்பு, ஒரு நூலுக்கு ஒரு பெட்டி நிறையத் தட்டுகள்.

போரைக் காதால் கேட்பது நமக்கும் புதிதல்ல. கலிங்கத்துப்பரணியில் காளியே போரைப் பேய் சொல்லித்தான் கேட்கிறாள். சொல்கிறவர்க்கு நாக்கு ஆயிரமும் கேட்கிறவர்க்கு நாள் ஆயிரமும் வேண்டும் என்று அந்தப் பேய் முன்கூட்டியே எச்சரித்துவிடும். நாற்பது மணி நேர வாழ்க்கை வரலாற்றை வாங்கும் முன் நமக்கும் யாராவது அப்படிச் சொன்னால் நன்றாக இருக்கும்.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் வாழ்க்கை வரலாறு. போர்ச்சுகலில் மாட்டுவண்டிக்கும் கோவேறு கழுதைக்கும் அலைந்துகொண்டிருக்கிறார். ஊர்க்காரர்களிடம் பறிக்காமல் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறார், ஆனால் கையில் நாணயம் இல்லை, கழுதைக்காரர்களுக்கு மாதக்கணக்கில் கூலி பாக்கி. அவர் நெப்போலியனை வெல்லும் வாட்டர்லூவுக்கு இன்னும் பல மணி நேரம் இருக்கிறது. அதற்குள் அந்தப் பாக்கியை அடைத்தார்களா என்பதுதான் எனக்கு முதலில் தெரிய வேண்டும்.