3 புலி, 15 ஆடு

நேற்று சாயங்காலம் இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நல்ல மழை. கரண்டும் போச்சு, பேரனின் கைப்பேசியும் சார்ஜ் இல்லாமல் படுத்துவிட்டது. (எனக்குக் கொண்டாட்டம்!)

அஞ்சடியில் (வீட்டு முன் தாழ்வாரத்தில்) சாக்பீஸால் ஆடுபுலிக் கட்டம் போட்டேன். 23 புள்ளி. புலிக்கு 3 ரப்பர் கொட்டை, ஆட்டுக்கு 15 புளியங்கொட்டை. முதல் ஆட்டத்தில் அவசரப்பட்டு ஆட்டைப் புலிக்குப் பக்கத்திலேயே வைத்தான், தாண்டி வெட்டினேன். 15 ஆடும் இறங்கும்வரை ஓர் ஆடும் நகரக்கூடாது என்றதும் முறைத்தான்.

மூன்றாவது ஆட்டத்தில் பயல் பேசவே இல்லை. நகத்தைக் கடித்துக்கொண்டு, ஆட்டுக்குப் பின்னால் ஆடாக வைத்து, நான் தாண்டி இறங்கக் காலி இடமே விடவில்லை. மூன்று புலியும் மாட்டிக்கொண்டன.

"தாத்தா, இன்னொண்ணு!"

கரண்ட் வந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. பந்தயப்படி இன்று ரொட்டி சானாய் என் செலவு.